வெயில் நாளில் மட்டும் கனடா வாத்துகள் என் போலிகளைக் கண்டு விலகுவது ஏன்?

வணக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், கோதுமை அறுத்த தாள்நிலத்தில் கனடா வாத்து வேட்டைக்காக பறவைகளை ஈர்த்து இறக்க நான் 36 போலி வாத்துகள் செய்தேன். கடையில் விற்பவை என் கைக்கு எட்டாத விலை என்பதால், தேர்தல் முடிந்தபின் கேட்டு வாங்கிய 4 மி.மீ. பிளாஸ்டிக் விளம்பர அட்டைகளையே வாத்து வடிவில் வெட்டி, தெளிப்பு வண்ணம் அடித்து, கம்பியில் செருகி நட்டேன். மேகமூட்டமான நாளில் பறவைகள் இறங்கின. வெயில் நாளிலோ, இரண்டு சுற்று வந்தபின், ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்தில் சட்டென மேலேறிவிடுகின்றன. எல்லாப் போலிகளும் காற்றை நோக்கியே நிற்கின்றன. எதைத் திருத்த வேண்டும்? பனி வாத்துக்கு விரிப்பதைப் போல வெறும் வெள்ளைத் துணி போதுமா?

பதில் 1

ஐயா, வெயிலில் மட்டும் விலகுகின்றன என்றால் முதலில் பளபளப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த அட்டை பாலிபுரொப்பிலீன் என்பதால், உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே வண்ணம் அதில் நன்றாகப் பிடிக்கும். அதன்மேல் பளபளப்பே இல்லாத மேட் வண்ணத்தை மட்டும் அடியுங்கள். கழுத்து கறுப்பு, கன்னமும் வாலடியும் வெள்ளை, உடல் பழுப்பு ஆகியவை தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் போதும்; இறகு இறகாக வரைவது வீண் உழைப்பு. விடியலில் படியும் பனியும் உறைபனியும் மேட் வண்ணத்தையும் மினுக்கும் என்பதால், ஒரு பழந்துணியைக் கையோடு வைத்திருந்து துடைத்துவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதுடன் இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டை அட்டைகள் அனைத்தையும் ஒரே திசையில் நட்டால், வட்டமிடும் பறவைக்கு ஒரு கோணத்தில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் மெல்லிய கோடாகி மறைந்துவிடும். ஆகவே பெரும்பாலானவற்றைக் காற்றை ஒட்டியே வைத்து, ஒவ்வொன்றையும் சற்று வெவ்வேறு கோணத்தில் திருப்புங்கள். அப்போது சில மறையும்போது வேறு சில தோன்றி, கூட்டம் நடமாடுவதுபோல் இருக்கும். தலை நிமிர்ந்தவை மிகுந்தால் கூட்டம் மிரண்டிருப்பதாகத் தோன்றும் என்பதால், நான்கில் மூன்று பங்கைத் தலை குனிந்து மேய்பவையாக வெட்டுங்கள். வாத்துகள் காற்றை எதிர்த்தே இறங்கும். அவை வரும் பக்கத்தில் இறங்குவதற்கு இடம் விடுங்கள்.

துணியைப் பொறுத்தவரை, டெக்சாஸ் கடலோர நெல்வயல்களில் அது பலித்ததற்குக் காரணம், பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பரப்பாக மேய்வதுதான். கனடா வாத்துக்கு அது உதவாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நான் அடித்தது பளபளக்கும் வண்ணம்தான், தேய்க்கவும் இல்லை. பன்னிரண்டை மட்டும் முதலில் மாற்றி, வெயில் நாளில் நட்டு, வயலின் நான்கு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.