மேக்ஸ்485: புது சென்சார் பதிலே தரவில்லை, உதவுங்கள்

தண்டையார்பேட்டை (கேள்வி):
வணக்கம். காசிமேட்டில் மாமா மீன் வைக்கும் குளிர் அறைக்கு வெப்பநிலை காட்டும் செட்டப் ஒன்று செய்து கொடுத்தேன். ஆர்டுயினோ மெகா (சின்ன கண்ட்ரோலர் போர்டு), மேக்ஸ்485 மாட்யூல் (போர்டின் சிக்னலை நீண்ட தூரம் போகும் இரட்டை வயர் லைனுக்கு மாற்றித் தருவது), மாட்பஸ் ஆர்டியு சென்சார் (போர்டு கேள்வி அனுப்பினால் பதில் தரும் வகை), 40 மீட்டர் முறுக்கு கேபிள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சென்சாருக்குள் தண்ணீர் இறங்கியதால் ரிச்சி தெருவில் வேறு வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து ஒரு பைட் கூட திரும்பி வரவில்லை. ஆனால் அதே கேபிளில் லேப்டாப்பையும் யுஎஸ்பி கன்வர்ட்டரையும் வைத்துக் கேட்டால் உடனே பதில் வருகிறது. மாமா ராத்திரியில் ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரம்பூர்:
லைனின் இரண்டு வயரான ஏ, பி-யை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பெயர் தலைகீழாக இருக்கும். மாற்றினால் எதுவும் எரியாது. பவரை அணைத்துவிட்டு ஏ-பி நடுவே ஓம் அளந்தீர்களா? கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 60 பக்கம் காட்டும்.

தண்டையார்பேட்டை:
மாற்றியும் பார்த்தேன் அண்ணா, பலனில்லை. 61 ஓம் காட்டுகிறது.

எண்ணூர்:
லேப்டாப்போடு பேசுகிறதென்றால் கேபிளையும் சென்சாரையும் விட்டுவிடுங்கள் தம்பி. பழைய சென்சாரின் பாட் ரேட் (வினாடிக்கு எத்தனை பிட்) என்ன? மேக்ஸ்485-ஐ அனுப்பும் நிலைக்கு மாற்றும் டிஇ பின்னை எப்போது இறக்குகிறீர்கள்?

தண்டையார்பேட்டை:
பழையது 19200, புதுசு 9600. கோடில் அதை மாற்றிவிட்டேன். டிஇ ஹை, எட்டு பைட் கேள்வியை ரைட், டிலே(5) என்று 5 மில்லி செகண்ட் காத்திருப்பு, டிஇ லோ. வேறு எதையும் தொடவில்லை.

எண்ணூர்:
அந்த 5-இல்தான் சிக்கல். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். எட்டு பைட் 80 பிட். 19200-இல் அது போய்ச்சேர 4.2 மில்லி செகண்ட். உங்கள் 5-க்குள் அடங்கியது. 9600-இல் 8.3 ஆகும். ரைட் என்பது பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் இடம்) போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், வயரில் போய் முடியும்வரை காத்திருக்காது. ஐந்தாவது பைட் பாதியில் இருக்கும்போதே நீங்கள் லைனை விட்டுவிடுகிறீர்கள். கடைசி இரண்டு பைட்தான் சிஆர்சி, அதாவது பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். அது வராத கேள்விக்கு சென்சார் வாய் திறக்காது. யுஎஸ்பி கன்வர்ட்டர் திசையைத் தானே மாற்றிக்கொள்வதால் லேப்டாப்பில் இந்தத் தொல்லை இல்லை.

டிலேவை எடுத்துவிட்டு சீரியல்1.ஃப்ளஷ்() போடுங்கள். கடைசி பிட் வெளியே போகும்வரை அது நிற்கும். டிலேவை 20 ஆக்கிச் சமாளிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். சென்சார் சுமார் 4 மில்லி செகண்ட் அமைதி பார்த்ததும் பதிலை ஆரம்பித்துவிடலாம்; அப்போதும் டிஇ ஹையில் இருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள். 2011-க்கு முந்தைய ஆர்டுயினோவில் ஃப்ளஷ் என்பது உள்ளே வந்த பஃபரை அழிக்கும் வேலை, அதனால் பழைய உதாரணங்களை அப்படியே எடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை:
அண்ணா, வந்துவிட்டது! ஒரே ஒரு வரி. டிஸ்ப்ளேயில் 1.6 டிகிரி. ரொம்ப நன்றி. மூன்று நாளாக வயரையே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

பெரம்பூர்:
நல்லது. பிரித்ததை மறுபடி மாட்டும்போது வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள், கிரிம்ப் லக் (அழுத்திப் பொருத்தும் உலோக முனை) போட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். அந்த உப்புக் காற்றில் வெறும் செம்பு சீக்கிரம் களிம்பு பிடித்துவிடும். பெட்டிக்குள் கேபிள் நுழையும் ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். முதல் சென்சாருக்குத் தண்ணீர் இறங்கிய வழி அதுவாகவும் இருக்கலாம்.