உதவி தேவை: பழைய ஸ்விஃப்ட் காருக்கு 10,000 ரூபாய்க்குள் இரண்டு டயர்

ஆழியாறு:
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை வாங்கினேன். நேற்று பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், முன்சக்கர டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன, உடனே மாற்றுங்கள் என்று சொன்னார்கள். பின்சக்கர டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டிகள்) தேயாமல் நன்றாகவே இருக்கிறது. கையில் 10,000 ரூபாய்தான் உள்ளது. இந்தத் தொகைக்குள் எந்த நிறுவனத்தின் டயரை வாங்கலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றியாக வேண்டும். விரைவில் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வழித்துணை:
டயரின் அளவைச் சொல்லாமல் விலையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஸ்விஃப்டில் கீழ்நிலை மாடல்களுக்கு 14 அங்குலச் சக்கரமும் மேல்நிலை மாடல்களுக்கு 15 அங்குலச் சக்கரமும் வந்தன. இரண்டுக்கும் விலை வேறு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள். எந்த ஆண்டு வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெரும்பாலும் எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேலத்துச் சக்கரம்:
எந்த அளவாக இருந்தாலும் எம்.ஆர்.எஃப். வாங்குங்கள். என் வேகன் ஆர் வண்டியில் ஒரே ஜோடி 52,000 கிலோமீட்டர் ஓடியது. நம் ஊர்ச் சாலைப் பள்ளங்களில் விழுந்து எழுவதற்குப் பக்கச்சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் வரும், ஆனால் கவலையில்லாமல் ஓட்டலாம்.

பழைய ஓட்டுநர்:
தம்பி, கார் வாங்கும் முன்பே டயரைப் பார்த்து விலையைக் குறைத்திருக்க வேண்டும். வாங்கி ஒரு மாதம் கழித்து வந்து கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். புதிய டயர் இரண்டையும் முன்னால் மாட்டிவிட்டு ஓட்டுங்கள். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றும் இல்லை.

ரப்பர் வாசனை:
திருச்சியில் ஒரு டயர் கடையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். முன்டயர்கள் எந்த இடத்தில் தேய்ந்திருக்கின்றன? நடுவிலா, இரண்டு ஓரங்களிலுமா, உள்பக்க ஓரத்தில் மட்டுமா? அடுத்து, ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களின் எண்களையும் எழுதுங்கள். எதை வாங்குவது என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆழியாறு:
எழுத மறந்தவற்றுக்கு மன்னிக்கவும். 2014 மாடல், பெட்ரோல், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அளவு 165/80 ஆர்14, அதற்கு அடுத்து 85டி என்று இருக்கிறது. முன்டயர்களில் உள்பக்க ஓரம் மட்டும் வழுவழுப்பாகிவிட்டது, வெளிப்பக்கம் ஓரளவு நன்றாகவே உள்ளது. முன்டயர்கள் இரண்டிலும் 0820 என்ற எண் இருக்கிறது. பின்டயர்களில் அப்படி எந்த எண்ணும் தென்படவில்லை. கடையில் ஒரு டயருக்கு 4,500 ரூபாய் என்று ஒரு பழைய விலைப்பட்டியலைக் காட்டினார்கள்.

பழைய ஓட்டுநர் ஐயாவுக்கு ஒரு சொல்: நான் ஆசிரியை.

வழித்துணை:
பட்டியல் எந்த மாதத்தது என்று கேளுங்கள். கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய வரியோடு சேர்த்து 4,500 என்றால் இப்போது ஏறத்தாழ 4,150 ரூபாய்தான் வர வேண்டும். இரண்டு டயருக்கு 700 ரூபாய் மிச்சமாகும்; அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக உருளும்படி கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரம் அதிராமல் சுழல எடையைச் சமன்செய்வது) செலவில் பெரும்பகுதிக்கு அது உதவும். ரசீது கட்டாயம் வாங்குங்கள், உத்தரவாதம் கோர அது வேண்டும்.

ரப்பர் வாசனை:
தேதி எண் முழுமையாக டயரின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். மாட்டியவர் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியாது. வண்டியின் பின்னால் குனிந்து, கைப்பேசி விளக்கை அடித்து உள்பக்கச் சுவரைப் பாருங்கள். 0820 என்பது 2020ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். முன்டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு முறையும், வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் மெதுவாகத் தடவுங்கள். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

சேலத்துச் சக்கரம்:
எப்படியும் மாற்றப் போகிறீர்கள், 165க்குப் பதிலாக 175/70 ஆர்14 போடுங்கள். அகலம் கூடினால் சாலைப் பிடிப்பும் கூடும், வண்டி பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும்.

வழித்துணை:
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நண்பரே. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 175/70 ஆர்14 சுமார் 601தான். வண்டி ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும், வேகமானி உண்மையான வேகத்தைவிட மூன்று விழுக்காடு கூட்டிக் காட்டும். அதைவிட, இரண்டை மட்டும் மாற்றும்போது முன்னால் ஓர் அளவும் பின்னால் ஓர் அளவும் வைத்து ஓட்டுவது தவறு. எடைக் குறியீடும் 85க்குக் குறையக் கூடாது. அது டயர் ஒன்றுக்கு 515 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது. குறைந்த செலவு வேண்டும் என்பவருக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும்.

ஆழியாறு:
பார்த்துவிட்டேன். பின்டயர்கள் இரண்டிலும் 3114. ஸ்டெப்னியிலும் 3114. முன்டயரை ஒரு பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பத்தின் பல்லைப் போல் பிடிக்கிறது. விளக்கு அடித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: பின்டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு கோடாக வெடிப்பு ஓடுகிறது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

ரப்பர் வாசனை:
அம்மா, இப்போது உங்கள் கேள்வியே மாறிவிட்டது. 3114 என்றால் 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர்கள் அவை. பதினோரு ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. குறைவாக ஓடிய வண்டி, அதிலும் பின்சக்கரம் என்பதால் பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் செய்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று மிஷலின் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்து, இறுகிய டயரோடு நெடுஞ்சாலைக்குப் போய், பட்டை உரிந்து வந்து நின்ற வண்டிகளை என் கையால் கழற்றியிருக்கிறேன். நீங்கள் முதலில் மாற்ற வேண்டியவை நன்றாக இருக்கின்றன என்று எழுதிய அந்தப் பின்டயர்கள்தான்.

முன்டயர் கையில் ரம்பம்போல் பிடிப்பதும், உள்ஓரம் மட்டும் தேய்வதும் அலைன்மென்ட் கெட்டிருப்பதற்கான அடையாளம். சக்கரம் நேராக உருளாமல் சற்றே சாய்வாக இழுபட்டுக்கொண்டு போகிறது. இதைச் சரிசெய்யாமல் எந்த நிறுவனத்தின் டயரைப் போட்டாலும் அதுவும் இதே போல் தேயும். கணினியில் அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன்பு சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் ஒரு வாரம்கூட நிற்காது.

வழித்துணை:
எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆழியாறு:
வீடு பொள்ளாச்சி, பள்ளி வால்பாறை. ஞாயிறு மாலை ஏறி, வெள்ளி இரவு இறங்குவேன்.

நீலகிரி மழை:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், சகோதரி. ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். சின்னக்கல்லாறு இருக்கும் பகுதி, தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பாசி படிந்த வளைவில், இறக்கத்தில், வெள்ளி இரவு, பதினோரு ஆண்டு பழைய ரப்பரோடு இறங்குவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. நான் கோத்தகிரிச் சாலையில் நாள்தோறும் ஓட்டுபவன். உங்கள் நிலையில் புதிய டயர் இரண்டும் பின்னால்தான் போக வேண்டும்.

பழைய ஓட்டுநர்:
1994 முதல் அம்பாசிடரும் பிறகு டாக்ஸிகளும் ஓட்டி வந்தவன் சொல்கிறேன். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் போட்டால் எடை முழுவதும் முன்னால் வந்து விழுகிறது. இந்தக் காரில் இன்ஜின் இழுப்பதும் முன்சக்கரத்தைத்தான். மூன்று வேலையையும் செய்கிற சக்கரத்துக்குப் பழைய டயர், சும்மா உருண்டு வருகிற சக்கரத்துக்குப் புதிய டயர் என்பது எந்த நியாயம்? மலைப்பாதையில் முன்டயர் வெடித்தால் என்னவாகும் என்பதை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

நீலகிரி மழை:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதித்தே சொல்கிறேன். அம்பாசிடர் பின்சக்கரத்தால் ஓடிய வண்டி. இது முன்சக்கரத்தால் ஓடுவது, பின்பகுதி எடை குறைந்தது. ஈரச்சாலையில் முன்டயர் பிடிப்பை இழந்தால் வண்டி திரும்பாமல் நேராக நழுவும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் வேகம் குறைந்து மீண்டும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பின்டயர் பிடிப்பை இழந்தால் வால்பகுதி வெளியே சுழன்றுவிடும். அப்போது பயந்துபோய்க் காலை எடுத்தால் பின்பகுதியின் எடை இன்னும் குறைந்து சுழற்சி கூடுகிறது. சாதாரண ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள் என்று மிஷலினும் பிரிட்ஜ்ஸ்டோனும் சொல்வது இதனால்தான். வெடிப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். வெடிக்கக்கூடிய நிலையில் உள்ள டயரை முன்னாலும் வைக்கக் கூடாது, பின்னாலும் வைக்கக் கூடாது.

பழைய ஓட்டுநர்:
நிறுவனங்கள் விற்பதற்காக ஆயிரம் சொல்லும். என் வண்டி ஒரு முறையும் சுழன்றதில்லை.

நீலகிரி மழை:
எங்கே மாட்டினாலும் அவர்கள் விற்பது அதே இரண்டு டயர்தான், ஐயா. இதில் அவர்களுக்கு லாபம் ஏதும் இல்லை.

சேலத்துச் சக்கரம்:
பணம் பற்றாக்குறை என்றால் ஒரு வழி இருக்கிறது. புதிய கார் வாங்கியவுடன் பெரிய அலாய் சக்கரம் போட்டுக்கொள்பவர்கள் கழற்றிக் கொடுக்கும் டயர்கள் சில கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் நான் வாங்கியிருக்கிறேன்.

ரப்பர் வாசனை:
அது உண்மையிலேயே நல்ல வழிதான், தேதி எண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்திருந்தால். பக்கச்சுவரில் உப்பல் இல்லை, உள்ளே ஒட்டுப் போட்ட தடம் இல்லை என்பதை ரிம்மில் ஏற்றும் முன்பே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய டயரில் பள்ளத்தைச் சூடான கத்தியால் மறுபடி வெட்டிக் கறுப்புச் சாயம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். கார் டயரில் அப்படி வெட்டினால் உள்ளிருக்கும் நூல் அடுக்கு வரை ரப்பர் மெலிந்துவிடும். முதல் முறை வாங்குபவர், அதுவும் மலைக்கு ஏறுபவர், அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

அம்மா, முன்டயரின் உள்ஓரப் பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் ஒரு பட்டை சிறு மேடாகக் குறுக்கே இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்த பரப்பு அந்தப் பட்டைக்குச் சமமாக வந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் மேலே நிற்கிறதா?

ஆழியாறு:
இன்னும் மேலேதான் நிற்கிறது, ஆனால் நகக்கண் அளவுதான்.

ரப்பர் வாசனை:
அப்படியானால் உங்கள் 10,000 ரூபாயை இப்படிச் செலவிடுங்கள். புதிய டயர் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டுங்கள். எம்.ஆர்.எஃப்., சியட், அப்போலோ, ஜே.கே. எதுவாக இருந்தாலும் இந்த அளவில் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆறு மாதத்துக்குள் செய்த தேதியும் இருந்தால் போதும். 3114 மூன்றையும் கழித்துவிடுங்கள், ஸ்டெப்னியாகக்கூட நம்பி வைக்காதீர்கள். முன்டயர்கள் சுழலும் திசை அம்புக்குறி இல்லாத சாதாரண வகையாக இருந்தால், அவற்றை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். தேய்ந்த ஓரம் வெளியே வரும், சமதளத்தில் இன்னும் சில வாரம் ஓட்டலாம். அலைன்மென்டும் பேலன்சிங்கும் கட்டாயம். நைட்ரஜன் காற்றுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

முன்டயர் இரண்டையும் மாற்றும் வரை மலைக்கு இந்தக் காரில் ஏறாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஓட்டுநர்:
மலைக்கு ஏறக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆழியாறு (எட்டு நாள் கழித்து):
மாற்றிவிட்டேன். கடையில் முதலில் எடுத்து வந்த ஜோடியில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய எண் இருந்தது. வேறு கேட்டேன், உள்ளே போய்ப் புதியதைக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் டை ராட் எண்ட் ஆடியது, அதையும் மாற்றினார்கள். எல்லாம் சேர்த்து 10,400 ரூபாய் ஆனது. இந்த வாரம் பேருந்தில்தான் வால்பாறை போய் வந்தேன். சம்பளம் வந்ததும் முன்னால் இரண்டு. எல்லாருக்கும் நன்றி.

வழித்துணை:
மகிழ்ச்சி. கடைசியில் எந்த நிறுவனத்தின் டயர் வாங்கினீர்கள்?

பழைய ஓட்டுநர்:
அம்மா, சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நான்கு சக்கரத்திலும் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.