புதுப்பிப்பு: லிப்ரே ஆபிஸில் சேர்த்த சொற்கள் மேக்கில் இருக்கும் இடம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருளின் அகராதியில் நான் சேர்த்த சொற்கள் மேக்கில் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று கேட்டிருந்தேன். ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே ஃபைண்டரின் ‘கோ’ மெனுவைத் திறக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. மறைந்திருக்கும் லைப்ரரி அப்போதுதான் மெனுவில் வருகிறது. அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், லிப்ரே ஆபிஸ், 4, யூசர், வேர்ட்புக் என்று போனால் ‘ஸ்டாண்டர்ட்.டிக்’ ஃபைல்.

எதிர்பாராதது அந்த ‘4’. புதிய பதிப்புகளிலும் அதே பெயர்தான். பழைய மிச்சம் என்று தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், உங்கள் செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்தான். ஃபைலை டெக்ஸ்ட்எடிட்டில் திறந்தால், மேலே சில வரி விவரம், அடுத்து மூன்று சிறு கோடு, அதற்குக் கீழே வரிக்கு ஒரு சொல். லிப்ரே ஆபிஸை முழுவதும் மூடிவிட்டு, புது மேக்கில் அதே இடத்தில் காப்பி செய்தேன். நான் சேர்த்த சொற்களைப் பிழை என்று காட்டிய சிவப்புக் கோடுகள் போய்விட்டன.