தோட்டத்தின் கதையை கிராம்ப்ஸில் எங்கே எழுதுவது, எப்படி அச்செடுப்பது?

மேட்டுலயம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை விடுமுறைக்கு கோத்தகிரியிலிருந்து பெரியப்பா வீட்டு ஆட்கள் வருகிறார்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டாகப் பிரிந்த குடும்பம் எங்களுடையது. பெரியப்பாவுக்கு இந்தியா, அப்பாவுக்கு இலங்கை என்று ஆனது. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் எங்கள் தோட்டம் இருக்கிற மஸ்கெலியாவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் திரும்பும்போது கையில் ஒரு புத்தகம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக இரண்டு வருடமாக கிராம்ப்ஸ் என்ற குடும்ப வரலாற்று மென்பொருளில் குடும்ப மரம் செய்து வருகிறேன்.

ஆட்களைச் சேர்ப்பதில் கஷ்டம் இல்லை, இடங்கள்தான் கஷ்டம். அப்பாயியின் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு ‘லோவர் டிவிசன்’ என்று இருக்கிறது. அவரோ கடைசி வரை ‘பணியக்கணக்கு’ என்றுதான் சொன்னார். இன்று கம்பனி நட்டிருக்கும் பலகையில் ‘கீழ்ப்பிரிவு’. கோத்தகிரிக்காரர்களிடம் பணியக்கணக்கு என்றால்தான் விளங்கும். மூன்றையும் மூன்று இடமாகப் பதிந்து வைத்திருந்தேன். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்த அண்ணன் தங்கச்சி வேறு வேறு ஊரில் பிறந்தவர்கள் போல வந்தது.

அடுத்தது மஸ்கெலியா. தாத்தா சம்பளத்தன்று சாமான் வாங்கிய கடைகள், அப்பா படித்த பள்ளிக்கூடம் எல்லாம் பழைய டவுனில். 1969-இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்து அந்த டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அப்படி ஒரு வருடம் அப்பா என்னைக் கூட்டிப் போனார். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கோயில் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பஸ் எங்கே திரும்பும், சாப்புக்கடை வரிசை எங்கே தொடங்கும் என்று வெறும் சேற்றைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஒன்றும் இல்லாத இடத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அதைத்தான் நான் எழுத விரும்புகிறேன்.

எழுதியும் விட்டேன். முதலில் இடத்தின் பதிவில் உள்ள நோட்ஸ் பகுதியில் போட்டேன். விரிவான சந்ததி அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு வரிகூட வரவில்லை. சரி என்று அதே குறிப்பை ஒவ்வொரு பிறப்பு, கல்யாணம், இறப்பு நிகழ்விலும் சேர்த்தேன். தோட்டத்தில் மட்டும் 63 நிகழ்வுகள். ஒரே பத்தி 63 தடவை அச்சாகியது. அப்பா நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டார்.

இடத்தின் கதை ஒரே ஒரு தடவை, ஆனால் முழுதாக அச்சில் வர வழி உண்டா? இன்னொன்று, முன்பு பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பக்கங்கள் உள்ளே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகின்றன.

---

ரோதை எழுதியது:

தம்பி, நீங்கள் முதலில் போட்ட இடம்தான் சரியான இடம். நிகழ்வுகளில் ஒட்டியதையெல்லாம் கழற்றிவிடுங்கள். சந்ததி அறிக்கை ஆளின் குறிப்பையும் நிகழ்வின் குறிப்பையும் எடுக்கும், இடத்தின் குறிப்பைத் தொடாது. ஆகவே பதிவது ஓரிடம், அச்செடுப்பது வேறு வழி என்று பிரித்து வையுங்கள்.

முதல் வேலை, மூன்று பணியக்கணக்கையும் ஒன்றாக்குவது. இடங்களின் பட்டியலில் இரண்டு இரண்டாகத் தெரிவு செய்து மெர்ஜ் கொடுங்கள். அதற்கு முன் ஒரு பேக்கப் கட்டாயம். பிறகு மிஞ்சிய பதிவைத் திறந்து, ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ் என்ற பகுதியில் மற்ற இரண்டு பெயரையும் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் மொழியும் திகதியும் கொடுக்கலாம். பலகை மாறிய வருடம் தெரிந்தால் கொடுங்கள், தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள். அப்பாயி சொன்ன பெயரையே முதற்பெயராக வைக்கலாம், அதில் ஒரு தவறும் இல்லை. சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மாற்றாமல் சைட்டேஷனில் (ஆதாரக் குறிப்பில்) எழுதி வையுங்கள்.

பழைய மஸ்கெலியாவையும் புதியதையும் சேர்த்துவிடாதீர்கள். பணியக்கணக்கு ஒரே இடத்துக்கு மூன்று பெயர், மஸ்கெலியா ஒரே பெயரில் இரண்டு இடம். இரண்டு பதிவு போட்டு, பழையதற்கு வரைபடப் புள்ளியை நீர்த்தேக்கத்தின் உள்ளேயே வையுங்கள். அப்பா 1969-க்கு முன் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பதிவின் கீழ்தான் வர வேண்டும்.

இனி அச்சு. புக்ஸ் என்ற பகுதியில் பல அறிக்கைகளைக் கோர்த்து ஒரே புத்தகமாக எடுக்கலாம். அதில் கஸ்டம் டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. இடத்தின் குறிப்பை கொப்பி பண்ணி அதில் வைத்து, பின்னால் சந்ததி அறிக்கையைச் சேருங்கள். கதை முன்னால் ஒரு தடவை, ஆட்கள் பின்னால். பிளேஸ் ரிப்போர்ட்டைத் தனியாக எடுத்தால் ஒவ்வோர் இடத்திலும் நடந்த நிகழ்வுகள் பட்டியலாக வரும். இரண்டையும் ஓடிடி கோப்பாக எடுத்து லிப்ரே ஆபிஸில் ஒன்றாக்கி, கடைசியில் பிடிஎப் ஆக்குங்கள். அச்சுக் கடைக்குப் பிடிஎப் மட்டும் கொண்டுபோங்கள். ஓடிடியைக் கொடுத்து, அங்கே தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்த 40 பக்கத்துக்கு நான் காசு கட்டியிருக்கிறேன்.

திரையில் பார்க்கிற உறவுகளுக்கு நெரேட்டட் வெப்சைட் எடுத்துக் கொடுங்கள். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பக்கம், உங்கள் குறிப்பும் அந்தப் பக்கத்தில் வரும். குடும்ப மர மென்பொருள்களுக்கிடையே தகவலைக் கொண்டுபோகும் ஜெட்காம் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வடிவத்தில் இடத்துக்கென்று தனிப் பதிவே கிடையாது, ஒவ்வொரு நிகழ்வின் உள்ளேதான் இடம் இருக்கும். கிராம்ப்ஸின் சொந்தக் கோப்பையும் சேர்த்து வையுங்கள்.

பாமினி, யுனிகோட் பரவலாவதற்கு முந்திய முறை. இணையத்தில் பாமினி – யுனிகோட் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள்.

---

ஊவாக்காரி எழுதியது:

ரோதை அண்ணா சொன்னதோடு ஒன்று. எங்கள் ஆட்கள் பண்டாரவளைப் பக்கம். ஊவா மாகாணம் 1886-இல்தான் உருவானது, அதற்கு முன் பதுளை மத்திய மாகாணத்தில். இது தெரியாமல் ஒரு பழைய பதிவை எங்களுடையது இல்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். என்குளோஸ்ட் பை (ஓர் இடம் எந்தப் பெரிய இடத்துக்குள் அடங்கும்) என்ற பகுதியில் பதுளையை இரண்டு மாகாணத்துக்குள்ளும் வைத்து, ஒன்றுக்கு 1886-க்கு முன், மற்றதற்கு 1886 முதல் என்று திகதி போட்டேன். இப்போது நிகழ்வின் திகதியைப் பார்த்து மென்பொருளே சரியான மாகாணத்தை எழுதுகிறது. நாட்டின் பெயரையும் அப்படியே செய்தேன், இலங்கை என்ற தமிழ்ப் பெயர் மாறவில்லை, ஆங்கிலப் பெயருக்கு மட்டும் 1972 வரை சிலோன், பிறகு ஸ்ரீலங்கா என்று இரண்டு.

---

பழைய வாத்தியார் எழுதியது:

மகன், குறிப்பில் என்ன எழுதுவது என்பதையும் யோசியுங்கள். மலையகத்தின் முழு வரலாற்றையும் தோட்டத்தின் பெயருக்குக் கீழே கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் அந்தத் தோட்டம் இருக்காது. உங்கள் தோட்டம் யார் கையில் எப்போது இருந்தது என்று எழுதுங்கள். வெள்ளைக்காரக் கம்பனியுடையது என்றால் 1975-இல் அரசுடைமையாகியிருக்கும், பிறகு அதை நடத்திய அரச நிறுவனம் ஜனவசமா, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமா, 1992-க்குப் பிறகு எந்தக் கம்பனி. பழைய செக்ரோலை (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேட்டை) தேடிப் போகிற பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று அது சொல்லும். பெர்குசன் டிரெக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டம், உரிமையாளர், ஏக்கர் எல்லாம் வரும். தேசிய சுவடிக்கூடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் முப்பாட்டன் 1870-களில் வந்தவர் என்றால் அவர் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869-இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்த பிறகுதான் மலைகள் தேயிலைக்கு மாறின. பலர் ‘தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்பா சேற்றில் நின்று சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, சொன்னவர், சொன்ன திகதி, சொன்ன இடம் மூன்றையும் கீழே போடுங்கள். காகிதத்தில் கண்டதையும் வாயால் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்க வேண்டாம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் எங்கே, குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா எங்கே, மாரியம்மன் கோயிலுக்கு எந்த லயத்தின் பக்கத்தால் ஏறுவது, இவற்றை எந்த டிரெக்டரியும் சொல்லாது.

---

மேட்டுலயம் எழுதியது:

ரோதை அண்ணா, ஊவாக்காரி அக்கா, சேர், மூவருக்கும் நன்றி. மூன்று பணியக்கணக்கும் இப்போது ஒன்று. 63 நிகழ்வுகளிலிருந்தும் குறிப்பைக் கழற்ற இரண்டு இரவு பிடித்தது. தோட்டத்துக்கு மூன்று பக்கம், பழைய மஸ்கெலியாவுக்கு இரண்டு பக்கம், பிறகு ஆட்கள். சேர் சொன்னபடி அப்பா சொன்னதைத் தனிப் பத்தியாக்கினேன்.

நேற்று ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் பிடிஎப் கொடுத்து ஒரு பிரதி எடுத்தேன். எழுத்து ஒன்றும் உடையவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மஸ்கெலியாப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு பென்சில் கேட்டார். பஸ் திரும்பியது கோயிலுக்கு மேல் பக்கம் என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, பணியப் பக்கம் என்று எழுதினார். ஓரத்தில் சாப்புக்கடைகளை வரிசையாகக் கீறி, மூன்றாவது கடையில் தாத்தாவுக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது என்றும் சேர்த்தார்.

இன்றிரவு இடத்தின் குறிப்பில் திருத்தி, கஸ்டம் டெக்ஸ்டிலும் மாற்றிவிட்டு மறுபடி எடுக்கிறேன். அப்பா கீறிய படத்தை ஸ்கேன் பண்ணி பழைய மஸ்கெலியாவின் கேலரியில் போட்டாயிற்று. பென்சில் கோடு மங்கலாக வருகிறது. கறுப்பாக வர ஸ்கேன் பண்ணும்போது எதை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.