நவம்பரில் டெமாக்ரட் ஜெயித்தால் நம் விசா கஷ்டம் தீருமா?

கேள்வி: எச்1பி வேலை விசாவில் டெக்சஸ் வந்து சில மாதங்கள் ஆகின்றன. "2026 நவம்பர் 3 தேர்தல் வரை பொறு, டெமாக்ரட் கட்சி வந்துவிட்டால் கெடுபிடி குறையும்" என்று ஆபீஸில் சொல்கிறார்கள். கிரீன் கார்டு வேலையை அதுவரை தள்ளிப்போடலாமா?

பதில்: ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆபீஸ் பேச்சில் பாதி சரி, பாதி ஆசை.

அமெரிக்க காங்கிரஸின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி (இப்போது ரிபப்ளிகன்) அடி வாங்குவது இங்கே வழக்கம். 1994-இல் கிளின்டன், 2010-இல் ஒபாமா, 2018-இல் டிரம்ப், மூவருமே சபையைப் பறிகொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதிபர் கட்சிக்கு அந்தச் சபையில் இடம் கூடியது 1998, 2002 இரண்டே தடவைதான். 2024-இல் ரிபப்ளிகன் 220, டெமாக்ரட் 215. பெரும்பான்மைக்கு 218 போதும். ஆனால் 2025-இல் நீங்கள் இருக்கும் டெக்சஸ் தன் தொகுதி எல்லைகளை ரிபப்ளிகனுக்குச் சாதகமாக மாற்றி வரைந்தது. பதிலுக்குக் கலிபோர்னியா டெமாக்ரட் பக்கம் வரைந்தது. அதனால் பழைய கணக்கை அப்படியே நம்பவும் முடியாது.

மேல்சபையான செனட் வேறு கதை. மொத்தமுள்ள 100 இடங்களில் 35-க்குத்தான் இந்த முறை தேர்தல். ரிபப்ளிகன் கையில் 53 இருப்பதால் டெமாக்ரட் நிகரமாக நான்கு பிடிக்க வேண்டும். மெய்ன், வட கரோலினாவைத் தாண்டினால், டிரம்ப் சுலபமாக ஜெயித்த மாநிலங்களில் போய்த்தான் மோத வேண்டும். எனக்கென்னவோ அது மலையேற்றமாகத்தான் தெரிகிறது.

சரி, இரண்டும் கிடைத்தாலும் நமக்கு என்ன? புது சபை உட்காருவதே 2027 ஜனவரியில். அதிபர் 2029 ஜனவரி வரை அதே டிரம்ப்தான். பிடிக்காத மசோதாவை வீட்டோ செய்வார். எச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்ததே அவருடைய ஒரு கையெழுத்தில்தான், காங்கிரஸ் ஓட்டில் அல்ல. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்போ சட்டத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கிற மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று தேறியது, இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட ஓட்டு. செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் காலம் முடிந்து மசோதா செத்துப்போனது. அடுத்த இரண்டு வருடம் அதிபர், சபை, செனட் மூன்றும் டெமாக்ரட் கையில் இருந்தும் அந்த வரம்பு அசையவில்லை.

அதனால் கிரீன் கார்டுக்கு முதல் படியாகக் கம்பெனி போடும் பெர்ம் மனுவை எப்போது தாக்கல் செய்வார்கள் என்று எச்.ஆரைக் கேளுங்கள். அந்தத் தேதிதான் வரிசையில் உங்கள் இடம்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்க அதை வழங்கும் டெக்சஸ் அரசு அலுவலகமான டி.பி.எஸ் போகும்போது, உறுப்பு தானம் பற்றிய கேள்வி இருக்கும் அதே படிவத்தில் அமெரிக்கக் குடிமகனா, வாக்காளராகப் பதிய விருப்பமா என்றும் கேட்டிருக்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். நாடு கடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. பிற்பாடு குடியுரிமைக்கு மனுப் போடும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று எழுத்தில் கேட்பார்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. டெமாக்ரட் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவராமே, அவர் பிரச்சாரத்துக்கு 25 டாலர் அனுப்பலாமா?

பதில்: எச்1பி-யில் இருக்கும்வரை கூடாது தம்பி, யாருக்கும், எவ்வளவு சின்னத் தொகையானாலும். கிரீன் கார்டு வந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். இப்போது வேண்டுமானால் சம்பளம் வாங்காமல், ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, கூட்டத்துக்கு நாற்காலி போடலாம். அதற்குத் தடை இல்லை.