ஆச்சியின் கோழியும் என் 50 குஞ்சுகளும்

ஒட்டுசுட்டானிலிருந்து:
போன மாரிக்கு முன்னர் ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் 50 வாங்கினேன். உமி விரிப்பு, சூட்டுக்கு 2 மின்குமிழ்கள், எல்லாம் ஒழுங்கு. நாலாம் நாள் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு குமிழின் கீழ் ஒடுங்கின. பின்புறப் பஞ்சுமயிரில் எச்சம் களிபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. 17 செத்தன. அதே வளவில் ஆச்சியின் ஊர்க்கோழி 9 குஞ்சுகளோடு சாணக் குவியலைக் கிளறித் திரிந்தது, ஒன்றுகூடச் சாகவில்லை. "தாயில்லாத குஞ்சுகள்தானே" என்றார் ஆச்சி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மிருக வைத்தியரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: தாயோடு சேர்ந்து கொத்தித் தின்னும்போதே நல்ல பாக்டீரியாக்கள் குஞ்சின் குடலுக்குப் போய்விடும், பொரிப்பகக் குஞ்சுக்கு அந்த முதுசம் இல்லை.

மாங்குளத்திலிருந்து (பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன்):
ஆச்சி சரி, அண்ணை. 1973இல் பின்லாந்து ஆய்வாளர்கள் நூர்மியும் ரந்தலாவும் வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றுவது குறைந்தது. பன்றிக்குட்டியின் சிறுகுடல் செல்களைத் தட்டில் வளர்த்தும் இதைச் சோதிக்கிறார்கள். கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா முதலில் செல்லின்மேல் ஒட்ட வேண்டும். லாக்டோபசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் சில வகைகள் முந்திக்கொண்டு அந்த இடத்தை மறிக்கின்றன, அமிலம் சுரக்கின்றன, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பூட்டுத் தளராமல் காக்கின்றன. எல்லா வகையும் இதைச் செய்வதில்லை. முந்துவதுதான் முக்கியம், ஈ.கோலை ஒட்டிய பிறகு லாக்டோபசிலஸை விட்டால் அவ்வளவு பலன் இருப்பதில்லை.

நெடுங்கேணியிலிருந்து:
பிந்தி ஓடியவர்களில் நானும் ஒருவன். கன்று மஞ்சளாகக் கழியத் தொடங்கிய பிறகு நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயோட்டிக் மாப் பக்கற் வாங்கினேன். அதைக் கரைத்த வாளியிலேயே அன்டிபயோட்டிக்கையும் கலந்தேன். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? மிச்ச மாவைச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தேன். அந்தச் சூட்டில் எது உயிரோடு இருக்கும்! கன்றைக் காப்பாற்றியது உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்தான். தம்பி, மாடு ஈன்றதும் வரும் கடும்புப்பால் கொடுத்தால் மா தேவையில்லையா?

மாங்குளத்திலிருந்து:
இரண்டும் வேறு வேலை, அண்ணை. கடும்புப்பால் நோய் எதிர்ப்பைக் கொடுக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். மா அதற்கு ஈடாகாது.

ஒட்டுசுட்டானிலிருந்து:
இம்முறை 25 குஞ்சுகள்தான் எடுத்தேன். முதல் நாளிலிருந்தே ஆறிய தண்ணீரில் மா கலந்து வைக்கிறேன். ஆச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரவோடு இரவாக 6 குஞ்சுகளை அடைக்கோழியின் கீழ் செருகிவிட்டார். கோழி ஒன்றையும் கொத்தி விரட்டவில்லை.