வேட்டையில் யார் பெரிய ஆள்: பொரி வல்லூறா, ஹம்போல்ட் கணவாயா?

வானோடி:
இதில் பேச என்ன இருக்கிறது? பொரி வல்லூறு மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உங்கள் ஹம்போல்ட் கணவாய் தலைகீழாக நின்றாலும் 25-ஐத் தாண்டாது. முடிந்தது கதை.

ஆழ்கடலான்:
அவசரப்படாதீர்கள். தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வல்லூறு சிறகை மடக்கிக்கொண்டால் பாதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. கணவாயோ தண்ணீரை உடம்புக்குள் இழுத்து, பீய்ச்சி அடித்து, சொந்த பலத்தில் போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

வானோடி:
சும்மா விழுவதாக நினைத்தீர்களா? அதன் ஒவ்வொரு கண்ணிலும் கூர்பார்வைக்கான குழி இரண்டு. அதிகக் கூர்மையானது பக்கவாட்டில் பார்க்கிறது. தலையைத் திருப்பினால் காற்றுத்தடை கூடி வேகம் குறைந்துவிடும். அதனால் தலையை நேராக வைத்து, இரையை ஓரக்கண்ணிலேயே பிடித்தபடி வளைந்து இறங்குகிறது. இந்தக் கணக்கு கணவாய்க்கு வருமா?

ஆழ்கடலான்:
கண்ணுக்கு வந்தீர்களா, சரி. நமக்கும் வல்லூறுக்கும் விழித்திரையின் முன்பக்கம் நரம்புகள் ஓடி, ஓரிடத்தில் துளைத்து வெளியே போகின்றன. அங்கே குருட்டுப்புள்ளி. கணவாய்க்கு நரம்புகள் பின்பக்கமே கிளம்புவதால் அந்தப் பிரச்சினையே இல்லை.

வானோடி:
ஆனால் பெரும்பாலான கணவாய்களுக்கு நிறம் தெரியாதே! உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக மின்னிவிட்டு, அந்தச் சிவப்பைத் தானே பார்க்க முடியாத பிராணி.

இடைவழி:
இருவரும் அலகை மறந்துவிட்டீர்கள். வல்லூறின் மேல் அலகில் பல் போல ஒரு துருத்தல் உண்டு. காலால் அடித்துப் பிடித்த பறவையின் கழுத்தெலும்பை அதைக் கொண்டுதான் முறிக்கிறது. கணவாய்க்கும் அலகு உண்டு, கைகளுக்கு நடுவே, கிளி மூக்கு மாதிரி. எலும்பே இல்லாத உடம்பில் அவ்வளவு கடினமான கத்தி எப்படி நிற்கிறது? நுனிதான் கடினம். பின்னால் போகப்போக மென்மையாகி, அடியில் சதையோடு சதையாகிவிடுகிறது. கடிக்கும்போது தன் உடம்பையே அறுத்துக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான். அப்புறம் இன்னொன்று: உணவுக்குழாய் மூளையின் நடுவே போகிறது. பொடிப்பொடியாக வெட்டித்தான் விழுங்க வேண்டும்.

வானோடி:
பெரிய வாயாக வைத்தால் மூளைக்கே ஆபத்து! இதையா வேட்டைக்காரன் என்கிறீர்கள்?

ஆழ்கடலான்:
அரிசி மணியைவிடச் சின்னதாகப் பொரிந்து வருவது, ஒன்றிரண்டு வருட ஆயுளுக்குள் 50 கிலோ வரைகூட வளர்கிறது. பசியோடு கிடந்தா அப்படி வளரும்? உங்கள் ஆள் நன்றாக வளர்ந்தால் ஒன்றரைக் கிலோ.

வானோடி:
தூண்டிலில் மாட்டிய கூட்டாளியையே பிய்த்துத் தின்கிறதே, அதையும் இந்த 50 கிலோவில் சேர்த்தாயிற்றா?

ஆழ்கடலான்:
தாராளமாகச் சேர்த்தேன். வல்லூறு மட்டும் என்ன, தன்னைவிடச் சின்ன வல்லூறு இனங்கள் சிக்கினால் விட்டுவிடுகிறதா?